திருமலை நாயக்கர் மகால்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தென்கிழக்கே உள்ள நாயக்கர் கால அரண்மனை. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) இதை 1636இல் கட்டியதாகச் சொல்வது வழக்கம். பழைய அரண்மனையில் ஏறத்தாழ கால் பங்கே எஞ்சியிருக்கிறது: முற்றத்தைச் சூழ்ந்த சொர்க்க விலாசமும் அதையொட்டிய நாடகசாலையும். மன்னரின் தம்பி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ரங்க விலாசம் மறைந்துவிட்டது. அதன் மிச்சமெனக் கருதப்படும் பத்துக் கல்தூண்கள், விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில், தாங்குவதற்குக் கூரையின்றிக் கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. சந்துக்குப் பெயரே பத்துத்தூண் சந்து.

திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மாளிகையைப் பிரித்து எடுத்துச் சென்றார் என்பர். ஆனால் செங்கல்லும் சுதையுமான கட்டடத்தில் பிரித்து எடுக்கக்கூடியது மரமும் கல்லுமே. அழிவு முழுவதையும் அவர் தலையில் கட்டுவது பொருந்தாது. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களுக்கும் மழைக்கும் அதில் பங்கிருக்க வேண்டும். 1792இல் மதுரை வந்த தாமஸ் டேனியல் வரைந்தது இடிபாட்டைத்தான்.

சென்னை ஆளுநர் நேப்பியர் (1866–1872) காலத்தில் மகால் புதுப்பிக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் சிஷோமுக்கு அதில் பங்குண்டு. ஆகவே, இன்றைய பூச்சையும் வண்ணத்தையும் காட்டி நாயக்கர் கால ரசனையைப் பேசுவதில் எச்சரிக்கை வேண்டும். பழுதுபார்த்தவர்கள் இருந்ததைத்தானே ஒட்டிச் செய்தார்கள் என்று கேட்கலாம். லின்னேயஸ் டிரைப் 1858இல், அதாவது புதுப்பிப்புக்கு முன்பே, எடுத்த ஒளிப்படங்களில் பருத்த தூண்களும் இதழ் வளைவுகளும் தெரிவதால், எலும்புக்கூட்டைப் பொறுத்தவரை அக்கேள்வி நியாயமானதே. மேல்தோலுக்கு அதே உறுதி கிடையாது. இத்தாலியக் கலைஞர் ஒருவர் வடிவமைத்தார் என்ற கூற்றையும் இப்படியே அணுக வேண்டும். மதுரையில் அப்போது இயேசு சபையினர் இருந்தது உண்மை. அது ஐரோப்பியத் தொடர்பைக் காட்டுமே தவிர, கட்டியவர் யாரென்று காட்டாது. இதழ் வளைவுகளுக்கு இத்தாலிவரை போக வேண்டியதில்லை, தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களே போதும். வளைவுகளுக்கு மேல் வாய்பிளந்து நிற்கும் சுதை யாளிகள் உள்ளூர்க் கொத்தர் கைவேலை. முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்பை மெழுகி மெழுகிப் பளிங்குபோல் வழவழப்பாக்கும் நுட்பமும் அவர்கள் அறிந்ததுதான்.

பின்னர் 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இங்கே இயங்கியது. இப்போது தமிழகத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. ‘பம்பாய்’ (1995) படத்தின் ஒரு பாடல் இங்கே படமாக்கப்பட்டது.