முகம் நீங்கிய குரல்: ஜே.பி.சந்திரபாபுவின் இசைத்தட்டு மரபு

தமிழில் ராக் அண்ட் ரோல் பாடகர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் ஜே.பி.சந்திரபாபுவையே (1927–1974) சுட்ட வேண்டும். திரைப்பட வரலாறுகளோ அவரை நகைச்சுவை நடிகர் வரிசையில் வைத்து, நன்றாகப் பாடவும் செய்வார் என்று ஒரு வாக்கியம் சேர்த்து முடித்துக்கொள்கின்றன. முதலிடம் பாட்டுக்குத்தான் என்பது என் வாதம். அதற்குச் சான்று திரையில் இல்லை, இசைத்தட்டில் இருக்கிறது.

தேவிகாபுரம் போன்ற ஆரணி வட்டாரப் பட்டுத்தறி ஊர்களை மனத்தில் கொண்டு இதைச் சொல்கிறேன். தறியில் உட்கார்ந்தவருக்குக் கண் பாவில் இருக்கும், கை நாடாவில் இருக்கும், கால் மிதியில் இருக்கும். காது ஒன்றுதான் சும்மா இருக்கும். 1952இல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அருகிப்போனது. 1957இல் விவித பாரதி வரும்வரை அந்த இடத்தை நிரப்பியது இலங்கை வானொலி. சந்திரபாபுவின் குரல் வளர்ந்த ஆண்டுகளும் இவைதாம். கல்யாண வீட்டுக் கூம்பு ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் அவரைக் கேட்டவர்கள் அவருடைய கோணல் நடையையோ துள்ளலையோ காணவில்லை. திரையரங்கில் சிரித்தவர்களைவிட இவர்கள் அவர் பாட்டைச் சரியாகக் கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அக்குரலின் தனி அடையாளம் யோடலிங். நெஞ்சுக் குரலிலிருந்து பொய்க்குரலுக்குச் சட்டென்று தாவி மீளும் இந்த உத்தி ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களுடையது. அமெரிக்காவில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் 1927 முதல் பதிவுசெய்த தட்டுகள் இதனை உலகெங்கும் கொண்டுபோயின. நம் இசைப் பயிற்சியோ இந்தத் தாவலைப் பிசிறாகவே கருதும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதுதான் அதற்கு அழகு. சந்திரபாபு அந்த ‘உடைசலை’ மறைக்காமல் அணியாக்கினார். வெறும் மேல்நாட்டு நகல் என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் மரகதம் (1959) படத்தில் எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில் அவரும் கே.ஜமுனாராணியும் பாடிய இணைப்பாட்டை மறுபடி கேட்க வேண்டும். தமிழ்ச் சொல்லின் குறிலும் நெடிலும் சிதையாமல், பேச்சின் இழுப்பே மெட்டாக மாறுவதை அதில் கேட்கலாம். நகலுக்கு இந்த நிதானம் வராது.

மெம்பிஸில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு வெளிவந்தது 1954இல். நான்கே ஆண்டுகளில், பதிபக்தி (1958) படத்தில், ராக் அண்ட் ரோல் என்ற பெயரையே பல்லவியாக்கிய பாட்டு சந்திரபாபுவின் குரலில் வந்துவிட்டது. அங்கே அந்த இசை இளைஞரின் மீறலாக எழுந்தது. இங்கே அது நகைச்சுவைக்குத் தரப்பட்ட சலுகையாக நுழைந்தது. கதாநாயகன் பாடினால் பண்பாட்டுக் கேடு, கோமாளி பாடினால் வேடிக்கை! சகோதரியில் (1959) இச்சலுகை இன்னும் வெளிப்படை. படம் முடிந்த பிறகு அதைத் தூக்கி நிறுத்துவதற்காக ஏவி.எம். நிறுவனம் அவருக்கென ஒரு பால்காரன் பகுதியை எழுதிச் சேர்த்தது; தன்னைத்தானே முட்டாள் என்று சொல்லிக்கொள்ளும் பாட்டு அதில்தான் வருகிறது.

சலுகையின் எல்லையைக் காட்ட இரண்டு படங்கள் போதும். பெண் (1954) படத்தில் எஸ்.பாலசந்தருக்குப் பின்னணி பாடியவர் சந்திரபாபு. பாலசந்தர் சாமானியர் அல்லர், வீணை வித்துவான். தாமே பாடவும் வல்லவர். அவருக்கே இவர் குரல் தேவைப்பட்டது என்றால், இசையமைப்பாளர் ஆர்.சுதர்சனம் நாடியது ஒரு நடிகரின் விகடத்தை அன்று, வேறெவரிடமும் கிடைக்காத ஒரு பாடுமுறையை. சபாஷ் மீனா (1958) இதற்கு நேர்மாறு. அதில் சந்திரபாபுவுக்குச் சரோஜாதேவி ஜோடி. மழைக் காட்சிக்கு மென்மையான காதல் பாட்டு. திரையில் வாயசைத்தவர் சந்திரபாபு, பாடியவர் டி.ஏ.மோத்தி. காதல் கனிந்ததும் குரல் மாறிவிடுகிறது. பதிபக்தி வந்த அதே ஆண்டில்தான் இதுவும் வந்தது.

1964இல் இயக்குநர் ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை வந்தபோது நிலைமை மாறியிருந்தது. மேல்நாட்டுத் தாளத்துக்குக் கதாநாயகர்களே ஆடிப் பாடினார்கள். கோமாளியின் தனியுரிமை பொதுச்சொத்தாகிவிட்டது. சந்திரபாபுவுடைய வாழ்வின் சரிவைப் பேசும் எழுத்துகள் கடனையும் குடியையும் முன்னிறுத்துகின்றன; 1966இல் அவரே இயக்கிய தட்டுங்கள் திறக்கப்படும் படத்தின் தோல்வியையும் சேர்த்துக்கொள்கின்றன. இசைச் சந்தையில் அவர் இடம் கரைந்ததை அவை கணக்கில் எடுப்பதில்லை. துயரக் கதைக்கு நம்மிடம் உள்ள மவுசு குரலாய்வுக்கு இல்லை.

அவருடைய பதிவுகள் எல்லாம் திரைப்படத்தோடு கட்டுண்டவை. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் பாட்டு அடங்கும். தட்டில் ஒலிப்பதும் படத்தில் ஒலிப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே அவர் குரலுக்கு ஒரு பதிவுப்பட்டியல் தயாரிப்போர் இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பட்டியலை நடிகர் பெயரால் அன்றிப் பாடியவர் பெயரால் அடுக்க வேண்டும். நடிகர் பெயரால் அடுக்கினால் சபாஷ் மீனாவின் மழைப்பாட்டு உள்ளே வந்துவிடும், பெண் படத்துப் பாட்டு வெளியே போய்விடும்.