கோப்பிக் கடை வாங்கும் சிரட்டையும்

மார்கழி விடுமுறை தொடங்கியதும் வடபுலத்துச் சிறு பட்டினங்கள் புதியதொரு முகங்கொள்கின்றன. மலையகத்துப் பாடசாலைகளிற் படிப்பிக்கும் ஆசிரியர்கள், கொழும்புக் கந்தோர்களில் வேலைபார்ப்போர், பேராதனையிலும் கொழும்பிலும் பயிலும் மாணவர்கள் ஆகியோர் ஊர்திரும்புகின்றனர். விடியற்காலையிற் கோயிலிலிருந்து திருவெம்பாவை ஒலி எழும். மாலையில் மழை சற்று ஓய்ந்ததும் சந்திக் கடையின் வாங்கில் நண்பர் குழாம் கூடும். ஆளுக்கொரு கோப்பி, இரண்டு தட்டு வடை, பின்னர் நாட்டு நடப்பு முழுவதும். பரீட்சை முடிவுகள் முதல் பாராளுமன்றம்வரை அங்கு அலசப்படாத விடயமில்லை. சுன்னாகத்திலும் சங்கானையிலும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் நாம் காணும் இக்காட்சி, ஏதோ ஆதிகாலந்தொட்டு நிலவிவரும் தமிழர் பண்பாட்டின் ஒரு கூறு என்றே இளந்தலைமுறையினர் பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. அக்கோப்பைக்குள்ளிருக்கும் பானத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு; அவ்வாங்கில் யார் அமரலாம் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. முன்னதைச் சுருக்கமாகவும் பின்னதைச் சற்று விரிவாகவும் ஈண்டு நோக்குவோம்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் காலத்தில், அதாவது 1824 க்கும் 1831 க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், மலைநாட்டுக் கோப்பிப் பயிர்ச்செய்கை அரசின் ஆதரவுடன் வேரூன்றியது. தேசாதிபதியே கன்னொறுவையில் தோட்டம் வைத்திருந்தார் என்றால், அரசுக்கும் துரைமாருக்கும் இடையில் இருந்த தூரம் எவ்வளவு என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம் கண்டிக் கிராமத்தவரின் காடுகளையும் சேனை நிலங்களையும் தோட்டக்காரரின் கைக்கு மாற்ற வழிவகுத்தது. உழைப்புக்குத் தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த அம்மக்களுள், பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் ஏராளம். 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதற் காணப்பட்ட இலைத்துரு நோய் பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலை அழித்தொழித்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867 இல் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, லயன்கள் மாறவில்லை. தேயிலையைப் பறித்த அதே மக்களின் பிரசாவுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது என்பதையும், யாழ்ப்பாணத்துத் தலைவர்களிற் சிலர் அன்று யார் பக்கம் நின்றனர் என்பதையும் நாம் மறந்துவிட இயலாது.

இனி வாங்கின் கதைக்கு வருவோம். 'வாங்கு' என்ற சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. அதற்குமுன் யாழ்ப்பாணத்தான் தரையிலும் பாயிலும் திண்ணையிலும் அமர்ந்தான். யார் திண்ணையில், யார் முற்றத்தில், யார் வேலிக்கு வெளியே என்பதைச் சாதி வரையறை செய்தது. விருந்தினருக்கு மூக்குப்பேணியில் பானம் வழங்கும் வழக்கத்தையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்கென வார்க்கப்பட்ட அப்பித்தளைப் பாத்திரம், சுகாதாரத்தின் சின்னமென நம் பழமைவாதிகளாற் புகழப்படுவதுண்டு. ஆனால் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அப்பேணியும் கிடைக்கவில்லை. அவர்களுக்குச் சிரட்டை, அல்லது ஏந்திய இரு கைகள். சுகாதாரம் எங்கே முடிந்து சாதி எங்கே தொடங்கியது என்று பேணியின் புகழ் பாடுவோர் சொல்லட்டும்.

1905 இல் வடபகுதிக்குப் புகையிரதப் பாதை வந்துசேர்ந்தது. தெருக்கள் விரிந்தன, புகையிலையும் வெங்காயமும் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போயின, ஆங்கிலப் பாடசாலைகளைச் சுற்றிக் கந்தோர் உத்தியோகத்தை நம்பிய மத்தியதர வர்க்கமொன்று வளர்ந்தது. சந்தை கூடும் இடங்களிலும் புகையிரத நிலையங்களின் அருகிலும் கோப்பிக் கடைகளும் தேநீர்க் கடைகளும் எழுந்தன. வீட்டுத் திண்ணைக்கு வெளியே, காசு கொடுத்து, முன்பின் அறியாதவனோடும் அருகருகே அமர்ந்து ஒரு பானத்தை அருந்தலாம் என்பது யாழ்ப்பாணச் சமூகத்துக்கு முற்றிலும் புதியதோர் அனுபவம். காசுக்குச் சாதியில்லை என்பர். அவ்வாறாயின் கடை, சாதியை உடைத்திருத்தல் வேண்டுமல்லவா?

அவ்வாறு நிகழவில்லை. நிலவுடைமைச் சமூகத்தின் மடியிற் பிறந்த வணிகம், அச்சமூகத்தின் விதிகளைத் தனக்கு வசதியாக வளைத்துக்கொண்டதேயன்றி முறிக்கவில்லை. முன்வாசலில் வாங்கும் மேசையும் கண்ணாடிக் கிளாசும். தாழ்த்தப்பட்டவர் எனப்பட்டோருக்குக் கடையின் புறத்தே, நின்றபடியே, சோடாப் போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ தேநீர். குடித்தபின் அவற்றைத் தாமே கழுவிவைத்தல் வேண்டும். இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவர்களுடைய காசு தீண்டத்தகாததாக இருக்கவில்லை. அதனைக் கல்லாப்பெட்டி மறுக்கவில்லை. பானம் ஒன்றே; மறுக்கப்பட்டது இருக்கையும் கிளாசும் மட்டுமே. கள் இறக்கியும் முடி திருத்தியும் துணி வெளுத்தும் தோட்டங்களிற் கூலிக்கு மாய்ந்தும் ஊரைத் தாங்கிய மக்கள் தாம் ஈட்டிய காசோடு மனிதராகவும் உள்ளே வந்துவிட்டால், அதே கூலிக்கு அதே பணிவுடன் நாளை வேலைக்கு வருவார்களா என்ற அச்சமே இதன் அடியில் இருந்தது. சிரட்டையைச் சாத்திரம் காத்தது என்பதைவிட நில உறவு காத்தது என்பதே பொருந்தும்.

இதற்கு எதிரான முதற் குரல் கடையில் எழவில்லை, பாடசாலையில் எழுந்தது. ஆசிரியராகிய நமக்கு இது பெருமை தரும் செய்தி. பெருமையோடு வெட்கமும் தரும் செய்தி. 1920 களில் ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் தோற்றுவித்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமாசனத்தையும் சமபோசனத்தையும் வற்புறுத்தியது. 1927 இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அவ்வுணர்வுக்கு உரமூட்டிற்று. பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டுமென அரசு பணித்தபோதோ, 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தரையிலிருந்து ஒரு சிறுவன் வாங்கில் ஏறி அமர்வதைக் காணப் பொறாது, பாடசாலையையே கொளுத்திய சமூகம் நம்முடையது. கல்வியே நமது மூலதனம் என்று பெருமை பேசும்போது அச்சாம்பலையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

1940 களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தாழ்த்தப்பட்ட மக்களின் அமைப்பாக உருப்பெற்றது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறியது. பொதுவிடங்களில் எவரையும் சாதி காரணமாகத் தடுப்பது குற்றமென அச்சட்டம் கூறிற்று. தனிச் சிங்களச் சட்டம் வந்து ஓராண்டு கழித்து, அதே பண்டாரநாயக்க அரசாங்கத்தின் காலத்திலேயே இது வந்தது என்பது தமிழ்த் தலைமைக்குச் சங்கடமளித்திருத்தல் வேண்டும். மொழியுரிமைக்காக முழங்கியோர் தேநீர்க்கடை வாசலில் தயங்கி நின்றனர். தமிழரசுக் கட்சி தீண்டாமைக்கெதிராகத் தீர்மானங்கள் இயற்றியது உண்மையே. தீர்மானத்துக்கும் கிளாசுக்கும் இடையில் ஒரு தெருவின் அகலம் இருந்தது. யாழ்ப்பாண நகரத்திற் சில கடைகள் திறந்தன. கிராமத்தை ஒட்டிய சிறு பட்டினங்களிலோ சட்டம் காகிதமாகவே கிடந்தது. முறைப்பாடு செய்பவன் அடுத்த நாட் கூலியையும், குடியிருந்த நிலத்தையும், தண்ணீர் அள்ளும் கிணற்றையும் இழக்க நேரும் இடத்தில் சட்டம் வேறெவ்வாறு இயங்கும்?

அக்காலத்துச் சமூகத்தின் மனச்சாட்சியை வரலாற்று நூல்களிலும் பார்க்கச் சிறுகதைகளே செம்மையாகப் பதிவுசெய்துள்ளன. என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' 1951 இல் வெளிவந்தது. மேடையிற் சீர்திருத்தம் பேசும் பெரியவரொருவர், தம்மைக் காண வந்த தாழ்த்தப்பட்ட மனிதரை வீட்டினுள் அழைத்து உட்காரவைக்க மனமின்றி, நிலவின் அழகைச் சாட்டாக்கி வெளியே கூட்டிச்செல்கிறார். கோபமில்லை, வசையில்லை, அடியில்லை. நயமான பேச்சு மாத்திரமே உண்டு. படித்த யாழ்ப்பாணத்தானின் தீண்டாமை இத்தகையது என்பதை இதனிலும் எளிமையாக எவரும் காட்டியதாக நாம் அறியோம்.

1963, 1964 ஆம் ஆண்டுகளிற் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுற்றது. மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் மொஸ்கோ சார்புப் பிரிவில் நின்றார், என். சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்புப் பிரிவோ வெகுஜனப் போராட்டத்தை முன்வைத்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமொன்று புறப்பட்டது. 'சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும்' என்பது அதன் முழக்கம். பொலிசார் தடியடி நடத்தினர். ஆயினும் மக்கள் யாழ்ப்பாணத்தை அடைந்து முற்றவெளியிற் கூட்டம் நடத்தினர். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. எழுத்தாளர் கே. டானியல் அதன் முன்னணியில் நின்றோருள் ஒருவர்; பின்னர் அவர் எழுதிய 'பஞ்சமர்' இப்போராட்டங்களின் மண்ணிலிருந்து முளைத்த நாவல்.

தொடர்ந்து சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி முதலிய இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசம் நடந்தது. அதன் முறை வெகு எளியது. சிலர் கடைக்குள் நுழைவர்; வாங்கில் அமர்வர்; தேநீர் கேட்பர். இவ்வளவே. ஆனால் இவ்வளவுக்கு மறுமொழியாகக் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் பறிபோயின. சங்கானையை அடுத்த நிச்சாமத்து மக்கள் அடிக்கு அடி கொடுத்துத் தம்மைக் காத்துக்கொண்டனர். சங்கானை ஷங்காய் ஆகிறதென்று பாராளுமன்றத்தில் அன்று தமிழ் உறுப்பினர் ஒருவர் அங்கலாய்த்தார். ஒரு கிளாஸ் தேநீர் கேட்டவர்களைக் கண்டு சீனப் புரட்சியே வந்துவிட்டதாக அஞ்சிய அந்த நகைப்புக்குரிய பேச்சு, எவ்வளவு அற்பமான உரிமையும் எவ்வளவு பெரிய அதிகாரத்தின் அத்திவாரத்தை அசைத்தது என்பதற்கு நல்ல சான்று.

வன்முறையைக் கையிலெடுத்தமை தவறென்று சொல்வோர் இன்றும் உளர். மகாசபையின் பல்லாண்டுப் பொறுமையான முயற்சிகளை இகழ்வது நம் நோக்கமன்று. அது கட்டிய பாடசாலைகளும் ஒழுங்கமைத்த மக்களும் இன்றிப் பின்னைய போராட்டம் எழுந்திராது. ஆனால் சங்கானைக்குப் பின்னரே சிறு பட்டினக் கடைகளின் சிரட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன என்பதும் வரலாறு.

1968 இற் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலுக்குச் சென்றது. கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் அங்கு உட்பிரவேசத்தை எதிர்த்து நின்றார். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. குற்றவாளியாகக் காணப்பட்ட அவர் இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றும் வெற்றிபெறவில்லை. அச்சட்டம் 1971 இல் திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டது.

கடை அனைவர்க்கும் திறந்துவிட்டது. வீடு சந்தையன்று, வீட்டினுள் எந்தச் சட்டமும் நுழைவதில்லை. விடுமுறைக்கு ஊர்வந்த நண்பர்கள் ஒரே வாங்கில் அமர்ந்து கோப்பி அருந்துகின்றனர். சந்தியில் மின்விளக்கு எரியத்தொடங்கியதும் எழுந்து, கணக்கைத் தீர்த்து, ஒருவரையொருவர் வீட்டுக்கு அழைக்காமலே அவரவர் ஒழுங்கையிற் பிரிந்து செல்வோரும் அவர்களுள் இன்னும் இருக்கின்றனர்.