அடைக்கலச் சரக்குக்கு ஒரு வரி பிறந்த கதை

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நுழைந்தாலே விசைத்தறிச் சத்தம் காதில் விழும். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிறார்களே, அந்த பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் அது. பல கொட்டகைகளில் தறி மட்டும்தான் தறிக்காரருக்குச் சொந்தம். தறியில் ஏறிய பாவு நூலும், மூலையில் அடுக்கிய ஊடை நூலும், நெய்து மடித்த துணியும் நூல் கொடுத்தவருடையவை. துணி அவரிடம் போகும், தறிக்காரருக்குக் கூலி வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கைத்தறி வீடுகளிலும் இப்படித்தான். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பாவும் நூலும் கொடுக்கும், வீட்டில் சேலையாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள்.

இந்தக் கொட்டகைகளில் பஞ்சுத் தூசி ஓயாமல் பறக்கும். ஒயரிலும் விளக்கிலும் உத்தரத்திலும் அது படிந்து கிடக்கும். ஒரு மின்பொறி போதும். ஒரு ராத்திரியில் எல்லாம் எரிந்துபோனால் அந்த நூலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி மிகப் பழையது. அடுத்தவர் நம்பி விட்டுப்போன பொருளுக்குத் தமிழில் ‘அடைக்கலம்’ என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கண்ணகியின் கணவன் கோவலன் கொலையுண்டு, மதுரை எரிந்த பிறகு, அடைக்கலத்தைக் காக்க முடியாமல் போனதே என்று மாதரி தீயில் இறங்கி உயிர் விடுகிறாள். அந்தக் கொலையில் அவள் குற்றம் எள்ளளவும் இல்லை. ஆனாலும் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

அர்த்தசாஸ்திரமோ கணக்குப் பார்க்கிறது. நெசவாளரிடம் பத்துப் பலம் நூல் கொடுத்தால் பதினொரு பலமாகத் துணி திரும்ப வேண்டும் என்கிறது அது. கூடுகிற அந்த எடை கஞ்சியால் வருவது. ராஜபாளையத்தில் பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் பட்டறைக்காரருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எடை குறைந்தால் நெய்தவருக்கு அபராதம். அடைக்கலமாக வைத்த பொருள் ஊரோடு தீயிலோ வெள்ளத்திலோ போனால் மட்டும், வைத்திருந்தவரிடம் கேட்கக் கூடாது.

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அடுத்தவர் பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 151-ஆவது பிரிவு. அப்படிப் பார்த்தும் பொருள் அழிந்துவிட்டால், தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரை, அவர் பொறுப்பல்ல என்பது 152. ஆனால் கவனமாகத்தான் வைத்திருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் பொருளை வைத்திருந்தவரே. எரிந்த கொட்டகையில் நின்றுகொண்டு எதைக் காட்டி நிரூபிப்பது? நிரூபித்தாலும் நூல்காரரின் முதல் திரும்பாது. சட்டம் விட்டாலும் ஊர் விடாது. அடுத்த பாவு வர வேண்டுமே என்று தறிக்காரர் கூலியில் கழித்துக் கழித்துத்தான் கடனை அடைப்பார்.

இந்த இடைவெளியை அடைத்த ஒரு வரி வாசகம் இங்கிலாந்தில் வழக்கத்துக்கு வந்தது. அங்கே கிடங்கு வைத்திருந்தவர்கள், தங்கள் தீ காப்பீட்டுப் பத்திரத்தில் தங்கள் சரக்கோடு, ‘நம்பிக்கையின் பேரில் அல்லது தரகின் பேரில் வைத்திருக்கும் சரக்கு’ என்றும் எழுதி வாங்கினார்கள். அப்படி எழுதி வாங்கிய ஒரு மாவுக் கிடங்கு எரிந்தது. வாட்டர்ஸ் என்பவருக்கும் மோனார்க் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு அது. உங்கள் சரக்குக்கும், வாடிக்கையாளரிடமிருந்து உங்களுக்கு வரவேண்டிய வாடகைக்கும் மட்டும் தருவோம் என்றது நிறுவனம். அந்த வாடிக்கையாளர்களுக்கு இப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாது. 1856-இல் நீதிமன்றம் முழு மதிப்பையும் கொடுக்கச் சொன்னது. கிடங்குக்காரர் தனக்குச் சேரவேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைச் சரக்குக்காரர்களுக்காக வைத்திருந்து கொடுக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை அது அருமையான தீர்ப்பு. மாதரி உயிரால் தீர்த்த பொறுப்பைப் பணத்தால் தீர்க்க வழி பிறந்தது அங்கேதான். ஐந்தே வருடத்தில், 1861-இல், லண்டன் டூலி தெருவில் ஆற்றங்கரைக் கிடங்குகள் பற்றி எரிந்தன. சணலும் பருத்தியும் சர்க்கரையும் இரண்டு வாரம் எரிந்தன. அந்த வரியின் அருமை வணிகர்களுக்கு இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும்.

இந்தியாவுக்கு அந்த வரி வந்தது, ஆனால் தலைகீழாக வந்தது. 2001-இல் நடைமுறைக்கு வந்த பொதுவான தீ காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குப் பட்டியலில் தங்கக்கட்டி, பதிக்காத ரத்தினம், கையெழுத்துப் பிரதி இவற்றோடு, அடுத்தவருக்காக வைத்திருக்கும் சரக்கும் இருந்தது. தனியே எழுதியிருந்தால் ஒழிய அதற்கு இழப்பீடு கிடையாது. பிரீமியம் தவறாமல் கட்டிய தறிக்காரருக்குத் தறிக்குப் பணம் வரும், கட்டடத்துக்கு வரும், நூலுக்கு மட்டும் வராமல் போகும். கூலித் தொழிலே பிரதானமான ஊருக்கு இது பெரிய அநியாயமாகவே எனக்குப் படுகிறது. 2021 ஏப்ரல் முதல் ஐந்து கோடி ரூபாய் மதிப்பு வரையுள்ள சிறு தொழில்களுக்கென்று ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பத்திரமும் வந்திருக்கிறது. எந்தப் பெயரில் எடுத்தாலும், அடுத்தவர் சரக்கும் சேர்ந்ததா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நூல் கொடுப்பவரே தன் பத்திரத்தில் சேர்க்கலாம். அப்போது நூல் போகிற ஒவ்வொரு கொட்டகையின் விலாசமும் அதில் இருக்க வேண்டும். காப்பீட்டுத் தொகையையும் சீசன் உச்சத்தில் இருக்கும் சரக்கை வைத்துப் போடுங்கள். பத்து லட்ச ரூபாய்ச் சரக்குக்கு ஐந்து லட்சம் போட்டிருந்தால், இரண்டு லட்சம் எரிந்தாலும் பாதிதான் கணக்கில் வரும்.

சைசிங் பட்டறை, சாயப்பட்டறை, நகை செய்யும் பத்தர், சலவைக் கடை, வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக் என்று அடுத்தவர் பொருளை வாங்கி வைக்கிற எவருக்கும் இது பொருந்தும். பத்திரத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால், அடுத்த பாவு தறியில் ஏறும் முன் எழுதி வாங்கிவிடுங்கள்.