இங்கிலாந்தில் குழந்தைப் பருவ உடற் பருமனும் சமூக ஏற்றத்தாழ்வும்

இங்கிலாந்தில் ஏழ்மை மிகுந்த பகுதிகளில் வாழும் குழந்தைகளிடையே உடற் பருமன், வசதியான பகுதிகளில் இருப்பதைப் போல் இரு மடங்குக்கும் மேல் காணப்படுகிறது. குழந்தை பள்ளியில் சேரும் நான்கு, ஐந்து வயதிலேயே இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. பருமன் செல்வத்தின் அடையாளம் என்ற பழைய கருத்துக்கு இது நேர்மாறானது.

அளவிடும் முறை

2005-06 கல்வியாண்டில் இங்கிலாந்தில் தேசிய சிறுவர் அளவீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்படி அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் 4-5 வயதினருக்கும் 10-11 வயதினருக்கும் உயரமும் எடையும் அளக்கப்பட்டு, உடல் நிறைச் சுட்டெண் கணிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு 30 என்ற ஒரே எல்லை போதும். குழந்தைகளின் சுட்டெண் வளரும்போதே ஏறி இறங்குவதால் அவர்களுக்கு அது பொருந்தாது. ஆகவே 1990 ஆம் ஆண்டின் பிரித்தானிய வளர்ச்சி அட்டவணையில், ஒத்த வயதும் பாலும் உடைய குழந்தைகளுள் மேல்மட்ட 5% இல் அடங்கும் குழந்தை பருமனுடையதாகக் கொள்ளப்படுகிறது. அந்த அட்டவணையின் நிலை மாறாதிருந்தால் இன்றும் ஏறத்தாழ 5% குழந்தைகளே இவ்வகையில் வருவர்.

2022-23 ஆம் கல்வியாண்டில் 4-5 வயதினருள் மிக ஏழ்மையான பகுதிகளில் 12.4%, மிக வசதியான பகுதிகளில் 5.8% குழந்தைகள் பருமனுடன் இருந்தனர். 10-11 வயதினரிடையே இவை முறையே 30.2%, 13.1% ஆகும். இரு வயதிலும் விகிதம் இரண்டைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் இடைவெளி 6.6 புள்ளிகளிலிருந்து 17.1 புள்ளிகளாக விரிகிறது. இவை ஒரே ஆண்டில் அளக்கப்பட்ட வெவ்வேறு குழந்தைகளின் எண்கள் என்பதை மறத்தலாகாது. மேலும் இக்கணக்கு வாழும் பகுதியைக் கொண்டதே அன்றிக் குடும்ப வருமானத்தைக் கொண்டதன்று. தெற்காசிய மரபினரான குழந்தைகளின் உடற்கொழுப்பை இச்சுட்டெண் குறைத்துக் காட்டுவதும் ஒரு குறைபாடாகும். இலண்டன் வாழ் தமிழ்க் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

வரலாறு

இத்தொடர்பு என்றும் இப்படியே இருந்ததில்லை. பிரித்தானியாவில் 1946, 1958, 1970, 2001 ஆகிய ஆண்டுகளை ஒட்டிப் பிறந்தோர் தொடர்ந்து ஆராயப்பட்டு வந்துள்ளனர். முதல் மூன்று தலைமுறைகளில் ஏழைக் குழந்தைகளே எடை குறைந்தவர்களாக இருந்தனர். 2001 ஆம் ஆண்டுத் தலைமுறையில் இது தலைகீழாகி, ஏழைக் குழந்தைகள் உயரத்தில் குறைந்தும் எடையில் கூடியும் காணப்பட்டனர். மரபணுக்கள் அரை நூற்றாண்டில் இவ்வாறு இடம் மாறா. எனவே சூழலிலேயே காரணத்தைத் தேட வேண்டியுள்ளது.

காரணங்கள்

முதன்மையானது விலை. ஒரே அளவு கலோரியைப் பெற, சத்தான உணவுக்கு ஆகும் செலவு சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த உணவுக்கு ஆவதை விட மிக அதிகம். அரசு பரிந்துரைக்கும் உணவை உண்ண, மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்கள் தம் செலவிடத்தக்க வருமானத்தில் சுமார் பாதியை ஒதுக்க வேண்டியிருக்கும் என 2023 இல் கணக்கிடப்பட்டது. குழந்தை உண்ண மறுத்தால் வீணாகும் காய்கறியை வாங்கிப் பார்க்க இயலாத தாய், அது மறுக்காததையே வாங்குகிறார். இதை அறியாமை என்பது பொருந்தாது. ஏழைப் பகுதிகளில் துரித உணவுக் கடைகள் நெருக்கமாக இருப்பதும், தாய்ப்பாலூட்டல் குறைவாக இருப்பதும் பிற காரணங்கள்.

நடவடிக்கைகள்

அளவீட்டு முடிவைப் பெற்றோருக்குக் கடிதத்தில் தெரிவிப்பது பரவலான நடைமுறை. கடிதம் தகவலைத் தருகிறது. பணத்தையோ நேரத்தையோ தருவதில்லை. வேறு வகையானது மென்பான வரி. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, 100 மில்லிலீட்டரில் 5 கிராமுக்குக் குறையாத சர்க்கரை உள்ள பானங்களுக்கு லீட்டருக்கு 18 பென்சும், 8 கிராம் அல்லது அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 24 பென்சும் விதிக்கப்பட்டன. உற்பத்தியாளர்கள் வரியைத் தவிர்க்கச் சர்க்கரையைக் குறைத்தனர். பெற்றோர் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 2023 இல் வெளியான ஆய்வொன்று 10-11 வயதுச் சிறுமியரிடையே பருமன் ஒப்பளவில் 8% குறைந்ததாகவும், ஏழைப் பகுதிகளில் குறைவு மேலும் கூடுதல் என்றும் கண்டது. சிறுவரிடத்தும் 4-5 வயதினரிடத்தும் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

பிற நாடுகள்

இந்தியா போன்ற நாடுகளில் நகர்ப்புற வசதியான குடும்பங்களிலேயே பருமன் இன்னமும் கூடுதல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 3.4% குழந்தைகள் மிகை எடையுடன் இருந்தனர்.