ஹல் – பர்மிங்காம் ஆய்வு

ஹல் – பர்மிங்காம் ஆய்வு என்பது, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான பொதுமக்கள் அதை எவ்வாறு தாங்கினர் என்பதை அறிய பிரித்தானிய அரசு நடத்திய ஆய்வாகும். உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்துக்காக விலங்கியலாளர் சாலி சூக்கர்மேனும் இயற்பியலாளர் ஜே. டி. பெர்னலும் 1941–42இல் இதை மேற்கொண்டனர்.

போருக்கு முன் அரசிடம் இருந்தது அச்சமே. குண்டு விழுந்தால், உடற்காயம் அடைவோரைப் போல் மும்மடங்கு பேர் மனம் பேதலித்துப் போவர் என்று 1938இல் மனநல மருத்துவர்கள் சிலர் எச்சரித்திருந்தனர். 1940இல் குண்டுகள் விழுந்தன. மனநல மருத்துவமனைகள் நிரம்பவில்லை.

துறைமுக நகரான ஹல் 1941 மே மாதம் இரண்டே இரவுகளில் ஏறத்தாழ 400 பேரை இழந்தது. தணிக்கை காரணமாக நாளிதழ்கள் நகரின் பெயரைக்கூடச் சொல்லாமல், ‘வடகிழக்குக் கடற்கரை நகரம்’ என்றே எழுதின. மக்கள் பலர் மாலையானால் அருகிலுள்ள நாட்டுப்புறத்துக்குப் போய்த் தூங்கி, காலையில் வேலைக்குத் திரும்பினர். அதிகாரிகள் சிலர் இதைக் கோழைத்தனமாகக் கண்டனர். காலையில் வேலைக்குத் திரும்பியவர்களைக் கோழைகள் என்பது பொருந்தாது.

ஆய்வாளர்கள் குடும்பங்களை விசாரித்தனர். வேலைக்கு வராத நாட்களையும் கணக்கிட்டனர். ஹல் பள்ளிப் பிள்ளைகளிடம், குண்டுவீச்சின்போது தமக்கு நேர்ந்ததையும் தாம் செய்ததையும் கட்டுரையாக எழுதச் சொன்னார்கள். ஏறத்தாழ 2,000 கட்டுரைகள் சேர்ந்தன. பெரியவர்கள் கேள்வித்தாளில் மறைப்பதைப் பிள்ளைகள் கட்டுரையில் எழுதிவிடுவார்கள் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே.

1942 ஏப்ரலில் அறிக்கை முடிந்தது. இரு நகரங்களிலும் மக்களின் மனவுறுதி குலைந்ததற்குச் சான்று இல்லை. பர்மிங்காமில் உற்பத்தி குறைந்ததற்கும் தொழிற்சாலைகள் நேரடியாகச் சேதமடைந்ததே பெரும்பாலும் காரணம் என்றது அது.

ஆனால் அறிக்கை வரும் முன்பே, மார்ச் 30 அன்று, பிரதமர் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு இதே ஆய்வைக் காட்டி ஒரு குறிப்பு அனுப்பிவிட்டார். வீட்டை இழப்பதே மனவுறுதியை மிகவும் குலைக்கிறது. ஆகவே ஜெர்மானிய நகரங்களின் குடியிருப்புகளைத் தகர்த்தால் அந்நாட்டு மக்கள் நிலைகுலைவர் என்பது அவர் வாதம். பிப்ரவரியிலேயே முடிவாகியிருந்த நகரக் குண்டுவீச்சுக் கொள்கைக்கு இக்குறிப்பு வலுச் சேர்த்தது. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

போர் முடிந்தபின் அமெரிக்க அரசு ஜெர்மானியப் பொதுமக்களை விசாரித்தது. அவர்கள் மனம் தளர்ந்திருந்தனர். ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தனர். தம் ஆய்வு கண்டதற்கு நேர்மாறான முடிவையே செர்வெல் எடுத்தார் என்று சூக்கர்மேன் 1978இல் வெளிவந்த தன்வரலாற்றில் பதிவு செய்தார்.