பருத்திக்காட்டில் முளைத்த பெருநகரம்

குளிரும் வீட்டு விலையும் தாங்காமல் கூட்டங்கூட்டமாக மக்கள் இடம் பெயர்ந்து போன ஊர்களில் அமெரிக்காவின் பீனிக்ஸ் முக்கியமானது. அரிசோனா மாநிலத்தின் தலைநகரம். 1950-ல் அதன் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம். 2020 கணக்கெடுப்பில் 16 லட்சத்தைத் தாண்டி, அந்த நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம் ஆகிவிட்டது. ஏன் போனாங்கன்னு கேட்டால் எல்லோரும் ரெண்டு பதில் சொல்வாங்க: வெயில் அடிக்கும், வீடு சல்லிசாகக் கிடைக்கும். ரெண்டும் உண்மைதான். ஆனால் அந்தச் சல்லிசு எங்கிருந்து வந்ததுன்னு தோண்டினால், அடியில் ஒரு வாய்க்கால் கிடக்கு. விவசாயி வெட்டின வாய்க்கால்.

அது பாலைவனம். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட முழுசாகக் கிடைக்காது. ஆனாலும் சால்ட் ஆறு என்று ஒன்று ஓடியது. ஐரோப்பியர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஹோஹோகம் என்று இன்று அழைக்கப்படும் பூர்வகுடி மக்கள் அந்த ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி மக்காச்சோளம், பருத்தி எல்லாம் விளைவித்திருக்காங்க. 1450 வாக்கில் அந்தக் குடியிருப்புகள் காலியாகிவிட்டன. வாய்க்கால் மட்டும் மண்மூடிக் கிடந்தது. 1867-ல் ஜாக் ஸ்விலிங் என்பவர் வந்து பார்த்துவிட்டு, இதைத் தூர்வாரினால் போதுமேன்னு ஆரம்பித்தார். பழைய ஊரின் சாம்பலில் இருந்து எழும் புது ஊர் என்ற அர்த்தத்தில்தான் பீனிக்ஸ் பறவையின் பெயரை வைத்தாங்க.

ஆறு ஒரு வருஷம் வெள்ளமாக வரும், அடுத்த வருஷம் காய்ந்து கிடக்கும். அணை வேணும். 1902-ல் அமெரிக்க அரசு பாசனத்துக்குக் கடன் கொடுக்க ஒரு சட்டம் போட்டது. அடமானம் யார் கொடுப்பது? 1903-ல் அந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகள் சங்கம் சேர்த்து, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் தங்கள் சொந்த நிலத்தையே ஈடாக வைத்தாங்க. அந்தக் கடனில் கட்டி 1911-ல் திறந்ததுதான் ரூஸ்வெல்ட் அணை. பின்னாடி வந்த லட்சக்கணக்கான பேர் குழாயைத் திறந்தால் தண்ணி வந்ததுக்குப் பின்னால் இந்த அடமானம் இருக்கு.

இதில் ஒரு அநியாயமும் உண்டு, சொல்லாமல் போகக்கூடாது. பக்கத்து கீலா ஆற்றங்கரையில் பீமா என்று அழைக்கப்பட்ட பூர்வகுடிகள் செழிப்பாக விவசாயம் பண்ணிக்கொண்டிருந்தாங்க. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேல்மடைக்காரர்கள் தண்ணியைத் திருப்பிக்கொண்டதில் அவங்க வயல் காய்ந்து பஞ்சத்தில் விழுந்தாங்க. மேல்மடை, கடைமடைத் தகராறு எந்த நாட்டில்தான் இல்லை? அவங்க தண்ணி உரிமையை ஒரு பெரிய சட்டத்தின் மூலம் திரும்ப ஒத்துக்கொள்ள 2004 வரைக்கும் ஆச்சு. நீள இழைப் பருத்திக்கு மட்டும் 'பீமா' என்று அவங்க பேரை வைத்துவிட்டாங்க.

அந்தப் பருத்திதான் அடுத்த கட்டம். முதல் உலகப்போர் சமயத்தில் டயருக்குள் வைக்கும் துணிக்கு எகிப்துப் பருத்தி கிடைக்காமல் போனது. குட்இயர் டயர் கம்பெனி பீனிக்ஸுக்கு மேற்கே நிலம் வாங்கித் தானே பருத்தி போட்டது. இன்றைக்கும் அங்கே குட்இயர் என்றே ஒரு ஊர் இருக்கு. விலை ஏறினதும் கறவை மாட்டுக்குப் போட்டிருந்த குதிரைமசாலை உழுதுவிட்டு எல்லோரும் பருத்திக்குத் தாவினாங்க. 1920-ல் விலை விழுந்தது. பிறகு என்ன நடந்திருக்கும்னு உங்க ஊர்ப்பக்கம் விவசாயம் பண்ணும் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

சரி, வெளியூர்க்காரங்க எப்போ வர ஆரம்பிச்சாங்க? முதலில் வந்தது காசநோயாளிகள். மருந்து இல்லாத காலம். காய்ந்த காற்றும் வெயிலும் நுரையீரலுக்கு நல்லது என்று டாக்டர்கள் அனுப்பி வைத்தாங்க. நம்ம பெருந்துறையில் சானடோரியம் கட்டின அதே கணக்கு. வசதி உள்ளவங்க விடுதியில் தங்கினாங்க. இல்லாதவங்க ஊருக்கு வடக்கே சன்னிஸ்லோப் என்ற மேட்டில் கூடாரம் போட்டுக் கிடந்தாங்க. பிழைத்தவங்க பலர் அங்கேயே தங்கிவிட்டாங்க.

ஆஸ்துமாக்காரங்களும் வந்தாங்க. வந்தவங்க பழைய ஊர் ஞாபகத்தில் வீட்டுக்கு வீடு மல்பெரி மரமும் ஆலிவ் மரமும் வைத்து, முற்றத்தில் பெர்முடா புல் வளர்த்தாங்க. அந்தப் புல் வேறொன்றும் இல்லை, நாம வரப்பில் களைக்கொத்தியோடு மல்லுக்கட்டும் அருகம்புல்தான்! அதுவும் அந்த மரங்களும் விட்ட மகரந்தத்தில், எதுக்குப் பயந்து ஓடி வந்தாங்களோ அந்த மூச்சிரைப்பு திரும்ப வந்து நின்றது.

இரண்டாம் உலகப்போரில் மேகமே இல்லாத வானம் விமானப் பயிற்சிக்குத் தோதாக இருந்ததால் ராணுவம் அங்கே தளம் போட்டது. பயிற்சிக்கு வந்த சிப்பாய்கள் பலர் போர் முடிந்ததும் குடும்பத்தோடு திரும்பி வந்தாங்க. 1949-ல் மோட்டரோலா அங்கே ஆராய்ச்சிக்கூடம் திறந்தது. வேலைக்கு வழி பிறந்தது.

ஆனால் 45 டிகிரி வெயிலில் எப்படிக் குடியிருப்பது? 1930-களிலேயே அங்கே ஏர்கூலர் பரவிவிட்டது. மரச்சீவல் அடைத்த தட்டியில் தண்ணி சொட்டவிட்டு, பின்னால் ஃபேன் வைத்துக் காற்றை இழுப்பது. நம்ம வெட்டிவேர்த் தட்டிக்குக் கரண்ட் கொடுத்த மாதிரி. காய்ந்த காற்று என்பதால் அங்கே அது பிரமாதமாக வேலை செய்தது. போருக்குப் பிறகு ஏசி வந்தது. பீனிக்ஸில் கோடை என்பது கரண்ட் பில்லில் வரும் ஒரு செலவாக மாறியது அப்போதுதான்.

சல்லிசு விலைக்கு வருவோம். போரிலிருந்து திரும்பினவங்களுக்கு அரசாங்கம் குறைந்த முன்பணத்தில் வீட்டுக்கடன் கொடுத்தது. 1950-களின் நடுவில் ஜான் லாங் என்ற கட்டுமானக்காரர் நகரத்துக்கு மேற்கே வயல்களை வாங்கி, தன் மனைவி மேரியின் பேரில் மேரிவேல் என்ற குடியிருப்பைத் தொடங்கினார். மூன்று படுக்கையறை வீடு 10,000 டாலருக்கும் கீழே. ஏன் அந்த விலைக்கு முடிந்தது? வயல் ஏற்கெனவே மட்டம் பண்ணின நிலம். புதர் வெட்ட வேண்டாம், பாறை உடைக்க வேண்டாம். சதுரம் சதுரமாக அளந்து பாதை விட்டிருக்கும். தண்ணி உரிமையோ நிலத்தோடு ஒட்டியே வரும். நம்ம பக்கம் ரியல் எஸ்டேட்காரர் கரட்டை விட்டுவிட்டு வாய்க்கால் பாசனக் காட்டையே தேடி வருவது எதுக்குன்னு இப்போ புரியும்.

விவசாயி ஏன் விற்றார்? பருத்தி விலையும் மனை விலையும் எந்தக் காலத்திலும் சமமாக நின்றதில்லை. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

1960 ஜனவரி 1-ஆம் தேதி டெல் வெப் என்பவரின் கம்பெனி சன் சிட்டியைத் திறந்தது. 50 வயது தாண்டினவங்களுக்கு மட்டும் என்று ஒரு ஊர். அதுவும் பருத்தி விளைந்த நிலம்தான். மூணே நாளில் சுமார் 1 லட்சம் பேர் வந்து மாதிரி வீடுகளைச் சுற்றிப் பார்த்தாங்க. ஜனவரியில் சிகாகோவில் பகலிலேயே வெப்பம் 0 டிகிரியை ஒட்டி நிற்கும். இங்கே 20 டிகிரி, இதமான வெயில். காலமெல்லாம் பனி வாரிக் கொட்டின முதுகுக்கு வேறென்ன விளம்பரம் வேணும்? ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். அந்த ஊரில் குழந்தைகள் கிடையாது என்பதால், பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டும் தீர்மானங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டுத் தோற்கடிச்சாங்க. இடம் மாறி வருகிறவங்க வந்த ஊரோடு கலக்காமல் போனால் இதுதான் நடக்கும்.

1950-க்கும் 1960-க்கும் நடுவில் பீனிக்ஸின் மக்கள்தொகை நாலு மடங்கு ஆனது. சுற்றியிருந்த இடங்களை நகர எல்லைக்குள் சேர்த்துக்கொண்டதும் அதில் ஒரு பங்கு: 17 சதுர மைல் ஊர் பத்தே வருஷத்தில் 187 சதுர மைல் ஆச்சு. அதுக்குப் பிந்தைய கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். கலிபோர்னியாவில் வீட்டு விலை தாங்காதவங்க வந்தாங்க. பக்கத்து சான்ட்லருக்கு இன்டெல் வந்து, கூடவே நம்ம தமிழ்ப் பிள்ளைகளும் போனாங்க. அந்த சான்ட்லர், ஒரு கால்நடை மருத்துவர் விவசாய நிலத்தைக் கூறு போட்டு விற்று உண்டாக்கின ஊர். 2006-க்கும் 2011-க்கும் நடுவில் வீட்டு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. திரும்ப எழுந்து, 2022-ல் நடுத்தரமான ஒரு வீடு 4 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. சல்லிசுக்காக வந்த ஊரில் அந்தச் சல்லிசு போச்சு.

தண்ணிக் கணக்குதான் இதில் எனக்கு ஆச்சரியம். ஒரு ஏக்கர் பருத்தி குடிப்பதைவிட, அதே ஏக்கரில் கட்டின வீடுகள் குடிப்பது குறைவு. அரிசோனா முழுக்க 1957-ல் செலவான தண்ணியைவிட இன்று செலவாவது அதிகம் இல்லை, மக்கள்தொகை ஆறு மடங்குக்கு மேல் ஏறியும்! ஆக, வயல் மனையாக மாறுகிற வரைக்கும் நகரத்துக்குத் தண்ணிக் கஷ்டம் பெரிசாகத் தெரியவில்லை. வயல் இல்லாத வெறும் பாலைவனத்தில் வீடு முளைத்தபோதுதான் கணக்கு இடித்தது. போர் போட்டு உறிஞ்சினதில் சில இடங்களில் பூமியே வெடித்து விரிசல் விட்டது. 1980-ல் கடுமையான நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது: 100 வருஷத்துக்குத் தண்ணி இருப்பதைக் காட்டினால்தான் புது மனைப்பிரிவு, பீனிக்ஸ் வட்டாரத்தில் புதுசாக ஒரு ஏக்கரைக்கூடப் பாசனத்துக்குக் கொண்டுவரக் கூடாது. கொலராடோ ஆற்றிலிருந்து 540 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டித் தண்ணி கொண்டுவந்தாங்க. அந்த ஆறும் வற்றி, 2022-ல் தண்ணியைக் குறைத்தபோது முதல் அடி வாங்கினது தெற்கே பினால் பகுதி விவசாயிகள். நகரத்துக் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. 2023-ல், நிலத்தடி நீரை மட்டும் நம்பின புது மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கிடையாதுன்னு மாநில அரசு சொல்லிவிட்டது.

வெயிலும் அப்படித்தான். பாசனம் பாய்ந்த வயல் ராத்திரி சீக்கிரம் குளிரும்; தாரும் சிமெண்டும் பகலில் வாங்கின சூட்டை விடியும் வரை விடாது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. அதில் வரிசையாக 16 நாள், ராத்திரியில்கூட 32-க்குக் கீழே இறங்கவில்லை. பீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா மாவட்டத்தில் அந்த ஒரு வருஷம் மட்டும் 645 பேர் வெப்பத்தால் செத்தாங்க. தெருவில் கிடந்தவங்க பலர். வீட்டுக்குள்ளேயே ஏசி ஓடாமல் போனவங்களும் உண்டு.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பழைய வாய்க்கால் இன்னும் ஓடுது. நகரத்தின் பழைய பகுதிகளில் ஆயிரக்கணக்கான வீட்டு முற்றங்களுக்கு இன்றைக்கும் முறைத் தண்ணி உண்டு. உங்க முறை ராத்திரி ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கு எழுந்து மடை திறக்கணும். கீழ்பவானி வாய்க்காலில் டார்ச் லைட்டோடு நிற்கும் எங்களுக்கு இது புதுசில்லை. தண்ணி விடும் ஆளுக்கு அங்கே சான்ஹேரோ என்று ஸ்பானியப் பேர், நம்ம நீர்க்கட்டிதான். ஆரஞ்சுத் தோப்பை முழுசாக அழிக்காமல் வீடு கட்டின ஆர்கேடியா என்ற பகுதியில் அந்தத் தண்ணி மரத்தடியில் இன்னும் தேங்கி நிற்குது. கோடையில் அங்கே நிழலும் குளிர்ச்சியும் இருக்கும். நகரத்தின் விலையுயர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. 10,000 டாலருக்கும் குறைவாக வீடு விற்ற மேரிவேலில் இப்போது உழைப்பாளிக் குடும்பங்கள் இருக்கு. மரநிழல் குறைச்சல், சூடு அதிகம்.