நண்டுக் கொடுக்கும் நம் விரலும்

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் ஆய்வுத் தலைப்புகளின் பட்டியலை வாசிப்பது ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஏற்பட்ட பழக்கம். ஒரே பட்டியலில் வேலையிடத்தில் தலைமை பற்றி ஓர் ஆய்வு இருக்கும். அடுத்த வரியில் வகுப்பறையில் ஆசிரியர் மாணவர் உறவு. அதற்கும் அடுத்த வரியில், வெட்டுப்பட்ட கால் விலங்குகளுக்கு மீண்டும் வளர்வது எப்படி என்று ஒன்று. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டது போலத் தோன்றும். ஆனால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இந்த மூன்றும் அவ்வளவு தூரத்து விஷயங்கள் அல்ல. மூன்றுக்கும் நம் ஊர்ப் பக்கம் ஒரு வேர் உண்டு. மூன்றும் வந்து சந்திக்கும் இடமும் இங்கேதான் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் வகுப்பறை.

1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளிக்குக் கண்காணிப்பாளராக வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது நம் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதம் வேண்டாம், பலகை வேண்டாம். தம் பள்ளியிலும் இப்படிச் சொல்லிக்கொடுங்கள் என்று பெல் கேட்டபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் விடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, நீ சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

நம் திண்ணைப் பள்ளியில் இதற்குப் பெயரே உண்டு: சட்டாம்பிள்ளை. வாத்தியார் வெளியே போனால் பாடம் கேட்பவனும் அவன்தான், பிரம்பு எடுப்பவனும் அவன்தான். பெல் இங்கிலாந்து திரும்பி, 1797இல் தம் சோதனையைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த முறைக்கு அங்கே 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பெயர் வந்தது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூசில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். 1815க்குப் பிறகு பிரான்சிலும் இதே போன்ற முறை பரவியது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்கள் இதை 'ஆன்செஞ்ஞுமான் முத்துயெல்', அதாவது ஒருவருக்கொருவர் கற்பித்தல், என்ற பெயரில் அறிவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் சென்னைத் திண்ணையின் மணலும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது வெகு காலம் கழித்துத்தான்.

அடுத்தது தலைமை.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் செயலாளர்கள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகளின் முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. கூலி மட்டும் அல்ல, மேற்பார்வையாளர்கள் தங்களை நடத்திய விதமும் அவர்களை உறுத்தியது. திரு.வி.க. அதற்கு முன் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். வகுப்பறையில் பேசிப் பழகிய குரலோடு ஆலை வாசலுக்கு வந்தார். 1921இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் மாதக் கணக்கில் அரை வயிற்றோடு கிடந்தார்கள். சாதிப் பிளவு வந்தது, புளியந்தோப்பில் கலவரம் வந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. தலைமை என்பது வெறும் பேச்சு அல்ல, மனிதர் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை வட சென்னை அப்போதே பார்த்துவிட்டது.

பல்கலைக்கழகங்கள் இதை ஆராயத் தொடங்கியது அதற்குப் பின்னால்தான். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் 1930களின் கடைசியில் ஒரு சோதனை செய்தார்கள். பத்து வயதுப் பையன்களைச் சிறு சிறு குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் கட்டளை மட்டும் போடுவார். இன்னொரு வகை, பையன்களைக் கலந்துகொண்டு முடிவு செய்வார். மூன்றாவது வகை, எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிடுவார். கட்டளைக்காரர் அறையில் இருக்கும்வரை வேலை நன்றாக நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசியவரின் குழுவோ, அவர் இல்லாதபோதும் வேலை செய்துகொண்டிருந்தது.

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இது சிரிப்பு வரவழைக்கும். கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்ததும் எத்தனை பேர் டீக்கடைக்குப் போகிறார்கள் என்று எண்ணினாலே அவர் எந்த வகை என்று தெரிந்துவிடும். நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி உண்டு. 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் ஏ.கே. ரைஸ் என்ற ஆங்கிலேயர், தொழிலாளிகள் தாங்களே குழுவாகச் சேர்ந்து தறிகளைப் பார்த்துக்கொள்ளும் முறையைச் சோதித்தார். பாட்னாவைச் சேர்ந்த ஜெய் பி.பி. சின்கா 1980இல் எழுதிய நூலில், பிள்ளையைப் பேணுவது போலப் பேணிக்கொண்டே வேலையையும் கறாராக வாங்கும் தலைவர்தான் இந்தியச் சூழலுக்குப் பொருந்துவார் என்றார். நம் ஊர்ப் பட்டறைகளில் நல்ல மேஸ்திரி என்று பெயர் வாங்கியவர்களை நினைத்துப் பார்த்தால், அவர் சொன்னது யாரை என்று புரியும்.

மூன்றாவது, கால் வளர்வது.

தெர்மாமீட்டரில் ரெயோமூர் அளவு என்று ஒன்று உண்டு. அதில் தண்ணீர் 80 டிகிரியில் கொதிக்கும். அந்த ரெயோமூர், லா ரொஷேல் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தவர். நண்டு, ஆற்று இறால் இவற்றின் கால் ஒடிந்தால் மறுபடி முளைக்கும் என்று கடலோரத்து மக்களும் ஆற்றோரத்து மக்களும் சொல்லிவந்தார்கள். படித்தவர்கள் நம்பவில்லை. ரெயோமூர் தாமே கால்களை வெட்டிப் பார்த்து, மக்கள் சொன்னதுதான் சரி என்று 1712இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் எழுதினார். 1768இல் இத்தாலியர் ஸ்பல்லன்சானி, சாலமாண்டர் என்ற பல்லி போன்ற நீர்வாழ் பிராணிக்கு எலும்போடு சேர்த்து முழுக் காலே வளர்வதைக் காட்டினார்.

காசிமேட்டில் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு கொடுக்கு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் உள்ள நண்டைக் கூடையில் பார்த்தால், சிறியது புதிதாக முளைத்தது என்று மீன்காரம்மாவே சொல்லிவிடுவார். நண்டின் கால் அடிப்பக்கத்தில் ஒடிவதற்கென்றே ஓர் இடம் உண்டு. எதிரி பிடித்தால் நண்டு அங்கே தானே ஒடித்துக்கொள்ளும். உள்ளே ஒரு சவ்வு மூடிக்கொள்வதால் இரத்தம் வீணாகாது. அந்த இடத்தில் ஓர் அரும்பு உண்டாகி, மடித்து வைத்த குடை போலப் புதுக் கால் உள்ளேயே வளரும். அடுத்த முறை ஓடு கழற்றும்போது அது விரியும். இரண்டு மூன்று முறை ஓடு கழற்றிய பிறகு ஏறக்குறைய பழைய அளவு வந்துவிடும்.

இந்தியாவிலிருந்தும் ஒரு பெரிய செய்தி போனது. 1992இல் புவனேசுவரம் உத்கல் பல்கலைக்கழகத்தின் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடியும் அவருடைய குழுவினரும், ஒரு வகைத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்கு வாலை வெட்டிவிட்டு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன! 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. அந்த அம்மையார் ஒடிசி நடனத்திலும் பெயர் பெற்றவர். 2022இல் நிரோஷா முருகனை முதல் ஆசிரியராகக் கொண்ட அமெரிக்கக் குழு, வளர்ந்த தவளையின் வெட்டிய காலில் ஐந்து மருந்துகள் கொண்ட ஒரு மூடியை 24 மணி நேரம் மட்டும் பொருத்தி எடுத்தது. அடுத்த 18 மாதங்களில் கால் பெரும்பாலும் வளர்ந்தது.

இனி மூன்றும் சந்திக்கும் இடத்துக்கு வருகிறேன்.

நான் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தது தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் வரும் ஓர் அலுவலகத்தில். வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1897இல் வந்தது, பிரான்சில் 1898இல், இந்தியாவில் 1923இல். நம் சட்டத்தின் அட்டவணையில் மனித உடம்பு முழுவதும் சதவீதமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. நடுவிரல் 12. மோதிரவிரலோ சுண்டுவிரலோ போனால் 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் போனால் 5. இந்த எண்களை இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

1990களின் கடைசியில் ஒரு வழக்கு. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறை. 17 வயதுப் பையன். பவர் பிரஸ்ஸில் தகடு வைத்து எடுக்கும் வேலை. வேகமாக வேலை ஓடுவதற்காக அதன் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். பையன் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. மாதச் சம்பளம் 1,500 ரூபாய். அதில் 60 சதவீதம் 900. 17 வயதுக்கு உரிய பெருக்கெண் 227.49. அதில் 11 சதவீதம். 22,521 ரூபாய் 51 காசு என்று கணக்குப் போட்டு எழுதினேன்.

தாயார் காசிமேட்டில் மீன் விற்பவர். கணக்கைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நண்டுக்குக்கூட கொடுக்கு ஒடைஞ்சா திரும்ப மொளைக்குது சார். இவனுக்கு ஏன் சார் மொளைக்கல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பையன்தான், "வாம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனான். கட்டுப் போட்ட கையைப் பையில் விட்டிருந்தான்.

அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் பாதிப் பதிலைச் சொல்கிறது. மனித உடம்பு காயத்தை அவசரமாகத் தழும்பால் மூடிவிடுகிறது. நண்டுக்கும் சாலமாண்டருக்கும் உண்டாகும் அரும்பு அங்கே உண்டாவதில்லை. ஓர் இடத்தில் மட்டும் விதிவிலக்கு. இங்கிலாந்தில் ஷெபீல்டு குழந்தைகள் மருத்துவமனையில் சிந்தியா இல்லிங்வொர்த் என்ற மருத்துவர் 1970களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார். கடைசிக் கணுவுக்கு மேலே விரல்நுனி துண்டான சிறு குழந்தைகளுக்குத் தையல் போடாமல் சுத்தமாகக் கட்டி விட்டால், நகத்தோடு நுனி திரும்ப வளர்ந்துவிடுகிறது. 2013இல் நியூயார்க்கில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், நகத்தின் அடியில் உள்ள செல்கள்தான் அந்த வளர்ச்சிக்கு வழிவிடுகின்றன என்று கண்டார்கள். அதாவது, நம் அட்டவணை மிகக் குறைவாக மதிப்பிட்ட அந்த விரல் நுனிதான், மனிதனுக்கு மீண்டும் வளர வாய்ப்புள்ள இடம். அதற்குக் கீழே போனது போனதுதான்.

மீதிப் பாதிப் பதில் மற்ற இரண்டு ஆராய்ச்சிகளில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆபத்தான இயந்திர பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. அந்தத் தடுப்பைக் கழற்றச் சொல்வதா, மாட்டச் சொல்வதா என்பது தலைமை சம்பந்தப்பட்டது. 23ஆம் பிரிவு, இளம் வயதினரை ஆபத்தான இயந்திரத்தில் விடுவதற்கு முன் அதன் ஆபத்தை முழுக்கச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், பயிற்சியோ தெரிந்தவரின் மேற்பார்வையோ இருக்க வேண்டும் என்றது. இது வகுப்பறை சம்பந்தப்பட்டது, நம் சட்டாம்பிள்ளையின் வேலை. ஆனால் மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது அன்றைய சட்டப்படி தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. அந்தப் பட்டறையில் அத்தனை பேர் இல்லை. விரல் போவதற்கு முன்னால் வர வேண்டிய சட்டம் அங்கே எட்டவில்லை. போன பின்னால் வரும் சட்டம் மட்டும் எட்டியது.

தவளைக்கு வளர்ந்த கால் மனிதனுக்கு வளர எத்தனை காலம் ஆகுமோ, அதை நம் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடு பழைய விஷயம். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது விரல் உள்ளே மாட்டாது. நம் தெருக்களில் இன்னும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. முதலாளி பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர்தான், நம்மோடு படித்தவராகவோ நம் உறவாகவோ இருப்பார். காலையில் நடைப்பயிற்சி போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, தடுப்பு மாட்டியிருக்கிறதா, பொத்தான் ஒன்றா இரண்டா, புதுப் பையனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வயதானவர்கள் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.